கட்டுரையை யாரிடம் கேட்டு வாங்குவது? ஆவண வழங்கல் சேவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎச்டி ஸ்காலர்களும் கல்லூரி நூலகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். "எந்த சர்வீஸ் நல்லது, ஒன்றைச் சொல்லுங்கள்" என்றுதான் பலர் கேட்கிறார்கள். நீங்கள் எந்தக் கல்லூரியில் இருக்கிறீர்கள், எந்த ஆண்டுக் கட்டுரை, எவ்வளவு அவசரம் என்பது தெரியாமல் ஒன்றைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆவண வழங்கல் சேவை என்பது சரியாக என்ன?

உங்கள் நூலகத்தில் இல்லாத ஒரு கட்டுரை, புத்தகத்தின் ஓர் அத்தியாயம், ஒரு மாநாட்டுத் தாள் ஆகியவற்றின் நகலை வேறொரு நூலகமோ நிறுவனமோ எடுத்து அனுப்புவது. முழுப் புத்தகமே வந்து, படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அது நூலகங்களுக்கு இடையிலான இரவல். நடைமுறையில் இரண்டையும் சேர்த்து ஐஎல்எல் (இன்டர்லைப்ரரி லோன்) என்று சொல்லிவிடுகிறோம்.

இது இணையத்தோடு வந்த வசதி என்று நினைக்க வேண்டாம். யுனெஸ்கோ உதவியோடு 1952இல் டெல்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் நிறுவனம், வெளிநாட்டு இதழ்களின் கட்டுரைகளைத் தேடிப் பிடித்து நகல் எடுத்து ஆய்வாளர்களுக்கு அனுப்புவதைத் தன் முக்கிய வேலைகளில் ஒன்றாக வைத்திருந்தது. அதுதான் பிறகு 2002இல் நிஸ்கேர் ஆகி, 2021இல் என்ஐஎஸ்சிபிஆர் ஆனது.

ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

முதலில் உங்கள் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்விதழ்களின் சந்தாவை மத்திய அரசே மொத்தமாகக் கட்டும் இந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள். ஆனால் இவை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும்தான். முதல் கட்டத்தில் சுயநிதிக் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் எங்கே படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

திட்டத்துக்குள் இருப்பவர்களுக்கும் எல்லாம் கிடைத்துவிடாது. சேராத பதிப்பகங்கள் உண்டு. சேர்ந்த பதிப்பகத்திலும் பழைய தொகுதிகள் தனி விலையில் இருக்கலாம். இணையத்துக்கே வராமல் அச்சில் மட்டும் கிடக்கிற இதழ்கள் இருக்கின்றன. புத்தக அத்தியாயங்கள் வேறு கணக்கு. ஆக, தேவை குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. இப்போது வருகிற கோரிக்கைகளில் சுலபமானவை குறைந்து, கஷ்டமானவையே மிஞ்சுகின்றன என்பதுதான் நூலகர்களுக்கு வந்திருக்கும் புதிய தலைவலி.

காசு கொடுப்பதற்கு முன் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

கட்டுரைத் தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முதல் இணைப்போடு நின்றுவிடாதீர்கள். முடிவின் கீழே "எல்லாப் பதிப்புகளும்" என்ற இணைப்பைத் திறந்தால், ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு பிரதி இலவசமாக இருக்கலாம். அன்பேவால் என்ற இலவச நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொண்டால் இந்த வேலையை அதுவே செய்யும்: சட்டப்படி திறந்திருக்கும் பிரதி இருந்தால் பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரல். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் 1991 முதல் இருக்கும் ஆர்க்சைவ்.

இந்தியப் பழைய இதழ்களைத் தேடுகிறவர்கள் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். சி. வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி தன் இதழ்களின் பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1930களின் ராமன் கட்டுரை ஒன்றுக்கு வெளிநாட்டுப் பதிப்பகத் தளத்தில் டாலரில் விலை பார்த்துவிட்டு நூலகத்துக்கு ஓடிவருகிறவர்கள் இன்றும் உண்டு. பதிப்பகத் தளம் கேட்கிற ஒற்றைக் கட்டுரை விலையைக் கட்டுவது எப்போதும் கடைசி வழியாகவே இருக்கட்டும். பல இதழ்களுக்கு அது 30 டாலரைத் தாண்டும்.

டெல்நெட்டா, இன்ஃபிளிப்நெட்டா? எதில் கேட்பது?

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அதனால் "எது உசத்தி" என்று கேட்பதில் பயனில்லை.

இன்ஃபிளிப்நெட் என்பது யுஜிசியின் கீழ் காந்திநகரில் இருக்கும் மையம். சந்தாக்களை மொத்தமாக வாங்கித் தருவதுதான் அதன் பலம்: முன்பு யுஜிசி-இன்ஃபோநெட், 2015 முதல் இ-ஷோத்சிந்து, இப்போது ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷனை நடத்துவதும் அதுவே. இன்ஃபோநெட் காலத்தில் 22 நூலகங்களைப் பொறுப்பாக நியமித்து, தங்களிடம் இருக்கும் இதழ்களிலிருந்து மற்றப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுரை அனுப்பும் ஏற்பாட்டையும் வைத்திருந்தது. இன்றைக்கு ஒரு சாதாரணக் கல்லூரிக்கு அதனிடமிருந்து அதிகம் பயன்படுவது இண்ட்கேட். எந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் எந்தப் புத்தகம், எந்த இதழ் இருக்கிறது என்று பார்க்கிற கூட்டுப் பட்டியல் அது. பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அந்த நூலகருக்கு நேராகவே எழுதலாம்.

டெல்நெட் 1988இல் டெல்லி நூலகங்களுக்காகத் தொடங்கிய நூலகக் கூட்டமைப்பு. இப்போது நாடு முழுக்க ஆயிரக்கணக்கான நூலகங்கள் உறுப்பினர். ஆண்டுக் கட்டணம் கட்டிய நூலகம் கட்டுரை நகலும் கேட்கலாம், புத்தகத்தை இரவலாகவும் கேட்கலாம். சுயநிதிக் கல்லூரி நூலகருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வருத்தம் என்னவென்றால், பல கல்லூரிகளில் டெல்நெட் உறுப்பினர் சான்றிதழ், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது ஃபைலில் காட்டுவதற்காகவே இருக்கிறது. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். பணம் கட்டியாகிவிட்டது, மாதம் பத்து கோரிக்கையாவது அனுப்புங்கள். புத்தக இரவலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: திருப்பி அனுப்பும் கூரியர் செலவு, பொறுப்பு இரண்டும் வாங்கியவர் தலையில். தவணை தவறினால் அடுத்த முறை உங்கள் கல்லூரிப் பெயரைப் பார்த்தாலே தயங்குவார்கள்.

நான் எந்தக் கல்லூரியிலும் இல்லை. தனியாக ஆய்வு செய்கிறேன். எனக்கு என்ன வழி?

டெல்நெட் நிறுவனங்களைத்தான் உறுப்பினராகச் சேர்க்கிறது, தனி ஆட்களை அல்ல. ஆகவே ஒரு நூலகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் படித்த கல்லூரியில் முன்னாள் மாணவர் என்ற முறையில் நூலகரைப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார். அரசுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் கடிதத்தின் பேரில் வெளியாட்களும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். நேரில் போக முடிந்தால் அதுவே சிக்கனம். முடியாவிட்டால் கீழே சொல்லும் வெளிநாட்டுச் சேவைகளில் சில தனியாருக்கும் கணக்கு தருகின்றன.

பிரிட்டிஷ் லைப்ரரியை இன்னும் நம்பலாமா?

ஒரு காலத்தில் "எங்கும் கிடைக்காவிட்டால் பாஸ்டன் ஸ்பா" என்பதுதான் நூலகர்களின் வேதவாக்கு. பாஸ்டன் ஸ்பா இருப்பது இங்கிலாந்தின் யார்க்ஷயரில். அங்கே, போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையாக இருந்த இடத்தில், டொனால்ட் அர்குஹார்ட் என்பவர் உருவாக்கிய அறிவியல் இரவல் நூலகம் 1962இல் திறக்கப்பட்டது. 1973இல் பிரிட்டிஷ் லைப்ரரியோடு சேர்ந்தது. அவர் செய்த புதுமை எளிமையானது: வாசகருக்காக அல்ல, தபாலுக்காக ஒரு நூலகம். இதழ்களைப் பாட வாரியாகப் பிரிக்காமல் தலைப்பின் அகரவரிசையில் அடுக்கினார்கள். கோரிக்கைச் சீட்டில் இருக்கும் இதழ்ப் பெயரைப் பார்த்ததும் பட்டியலைத் தேடாமல் நேராக அலமாரிக்கு நடக்கலாம். 1990களின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கோரிக்கைகள் அங்கே வந்தன. மின்னிதழ்கள் வந்த பிறகு அது வேகமாகச் சரிந்தது.

2023 அக்டோபரில் நடந்த ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும்) தாக்குதல் அந்த நூலகத்தையே உலுக்கிவிட்டது. நூலகம் பணம் கொடுக்க மறுத்தது. திருடிய தரவுகளைத் தாக்கியவர்கள் வெளியிட்டார்கள். பட்டியல் உள்படப் பல சேவைகள் மாதக்கணக்கில் நின்று, ஒவ்வொன்றாகத்தான் மீண்டன. என் கருத்து: பழைய, அச்சில் மட்டும் இருக்கிற, ஐரோப்பிய மாநாட்டுத் தாள் போன்றவற்றுக்கு இன்றும் அந்த அலமாரிகளுக்கு மாற்று குறைவு. ஆனால் உங்கள் நூலகத்தின் ஒரே வழியாக அதை வைத்திருக்க வேண்டாம். எந்த ஒரு சேவையையும் அப்படி வைக்க வேண்டாம் என்பதை அந்தத் தாக்குதல் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

ஜெர்மனியின் சுபிட்டோ எப்படி?

ஜெர்மன் மொழி இதழ், பழைய வேதியியல், மருத்துவம், இந்தியவியல் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். ஜெர்மன் மொழி நாடுகளின் நூலகங்கள் சேர்ந்து நடத்துவது. ஒரே இடத்தில் தேடி, எந்த நூலகம் அனுப்ப வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். சாதாரணக் கோரிக்கைக்கு 72 மணி நேரம், அவசரத்துக்கு 24 மணி நேரம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். மாணவர், நிறுவனம், நூலகம் என்று ஆளுக்கேற்ற விலை.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஜெர்மனியில் 2018 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், வணிக நோக்கமில்லாத தேவைக்கு நூலகங்கள் ஒரு படைப்பில் 10 சதவீதம் வரையும் தனிக் கட்டுரைகளையும் அனுப்ப இடம் தருகிறது. அங்கே இருப்பவருக்கு மலிவாகக் கிடைப்பது அதனால்தான். இந்தியாவிலிருந்து கேட்கும்போது பதிப்பகத்தோடு உள்ள உரிம ஒப்பந்தம் குறுக்கே வரும்: விலை கூடலாம், சில இதழ்கள் கிடைக்காமலும் போகலாம். ஜெர்மனியில் இருக்கும் நண்பர் சொன்ன விலையை நம்பித் துறைத் தலைவரிடம் பட்ஜெட் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரே நாளில் கட்டுரை வருகிறதாமே, அது எப்படி?

இரண்டு அமைப்புகள் காரணம். ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பின் ஐஎல்எல் 1979 முதல் நடக்கிறது. வேர்ல்ட்கேட் பட்டியலில் எந்த நூலகத்தில் பொருள் இருக்கிறது என்று பார்த்து, 15 நூலகங்கள் வரை வரிசையாகக் குறித்துக் கோரிக்கை அனுப்பலாம். முதல் நூலகம் முடியாது என்றால் அது தானாகவே அடுத்ததற்குப் போகும்.

இன்னொன்று ராபிட்ஐஎல்எல். அதன் கதை சுவையானது. 1997 ஜூலை 28 இரவு கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் பெய்த பெருமழையில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளம் மூழ்கி, சுமார் 5 லட்சம் தொகுதிகள் நனைந்தன. கட்டுப்போட்ட இதழ்கள் அத்தனையும் போன பிறகு ஆசிரியர்களும் மாணவர்களும் கட்டுரைக்கு எங்கே போவார்கள்? மற்ற நூலகங்களிடமிருந்து வேகமாக வாங்க அவர்களே எழுதிய மென்பொருள்தான் ராபிட். அதன் சூட்சுமம் இதுதான்: இதழ் ஒரு நூலகத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கேட்கப்பட்ட அந்த ஆண்டின் தொகுதி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கோரிக்கையை அனுப்பும். வீண் கோரிக்கை போகாததால் 24 மணி நேர இலக்கு சாத்தியமாகிறது. 2019இல் எக்ஸ் லிப்ரிஸ் நிறுவனம் அதை வாங்கியது.

மருத்துவ நூலகங்களுக்கு என்று அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் டாக்லைன் தனியாக இருக்கிறது, 1985 முதல்.

இவை எல்லாம் உறுப்பினர் நூலகங்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல். வாங்க மட்டும் வருகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. நீங்களும் ஸ்கேன் செய்து அனுப்ப ஆள் வைத்திருக்க வேண்டும். இருவர் மட்டுமே இருக்கும் கல்லூரி நூலகத்துக்கு இது சரிப்படாது.

தனியார் கம்பெனிகள் இருக்கின்றனவே, அவை?

ரீப்ரிண்ட்ஸ் டெஸ்க், காப்பிரைட் கிளியரன்ஸ் சென்டரின் ரைட்ஃபைண்ட் போன்றவை. இவர்களின் பிரதான வாடிக்கையாளர்கள் மருந்துக் கம்பெனிகளும் ஆய்வுக் கம்பெனிகளும். பில்லில் இரண்டு வரி இருக்கும்: சேவைக் கட்டணம் ஒன்று, பதிப்பகத்துக்குப் போகும் உரிமத்தொகை ஒன்று. விளம்பரத்தில் தெரிவது முதல் வரி, கையைக் கடிப்பது இரண்டாவது.

கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி. லாப நோக்கத்துக்கு நகல் எடுக்கும்போது "சொந்த ஆய்வு" என்ற சலுகை பொருந்தாது. மருந்துப் பதிவுக்கு அரசிடம் கொடுக்க வேண்டிய கட்டுரை என்றால் உரிமம் பெற்ற பிரதியே பாதுகாப்பு. கல்லூரி ஸ்காலருக்கு இது தேவையில்லை என்பேன்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

விலைப்பட்டியலை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். சென்ற ஆறு மாதத்தில் உங்களுக்கு உண்மையிலேயே வந்த கோரிக்கைகளில் இருபதை எடுங்கள். பாதி கடந்த பத்தாண்டுக் கட்டுரைகள், மீதி பழையவை, இரண்டு புத்தக அத்தியாயங்கள், ஆங்கிலம் அல்லாத ஒன்று என்று கலவையாக இருக்கட்டும். ஒவ்வொரு சேவையிலும் அதே இருபதுக்கு விலை கேளுங்கள். எத்தனைக்கு "முடியும்" என்று சொல்கிறார்கள் என்பதுதான் முதல் கணக்கு. நூறு ரூபாய்க்கு இருபதில் எட்டு தருகிற சேவையைவிட, இருநூறு ரூபாய்க்குப் பதினெட்டு தருகிற சேவைதான் லாபம். மீதிப் பன்னிரண்டுக்காக நீங்கள் மறுபடி அலைகிற நேரத்துக்கும் சம்பளம் இருக்கிறது.

அப்புறம் கோப்பு எப்படி வருகிறது என்று கேளுங்கள். சில சேவைகளின் கோப்பு பூட்டோடு வரும்: தனி மென்பொருள் வேண்டும், ஒருமுறைதான் அச்செடுக்கலாம், குறித்த நாளுக்குப் பிறகு திறக்காது. மாணவர் மொபைலில் திறந்து பார்த்து, திறக்கவில்லை என்று திரும்பி வருவார். ஸ்கேனில் வரைபடங்கள் சாம்பல் சாம்பலாக வந்தால் திரும்ப அனுப்புவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நிறமாலைப் படத்தில் கோடு தெரியாவிட்டால் அந்தக் கட்டுரை வந்தும் வராதது போலத்தான்.

பணம் கட்டும் வழி இன்னொரு இடி. ஆறு யூரோ கட்டுரைக்கு வங்கி அதைவிட அதிகமாக அனுப்புக் கட்டணம் பிடிக்கும். இதற்காகத்தான் நூலகங்களின் உலக அமைப்பான இஃப்ளா 1995இல் வவுச்சர் முறையைக் கொண்டுவந்தது: 8 யூரோ மதிப்புள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டை, பணத்துக்குப் பதிலாக நூலகத்துக்கு நூலகம் கைமாறுவதற்காக.

கோரிக்கை ஏன் "கிடைக்கவில்லை" என்று திரும்பி வருகிறது?

பெரும்பாலும் பொருள் இல்லாததால் அல்ல, விவரம் தப்பாக இருப்பதால். சேவையை மாற்றுவதற்கு முன் மேற்கோளைச் சரிபாருங்கள்.

ஓர் உதாரணம். மேலே சொன்ன இந்திய அறிவியல் அகாடமி இதழையே எடுத்துக்கொள்வோம். "ப்ரொசீ. இண்டி. அகாட். சை., தொகுதி 7, பக்கம் 216" என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். அந்த இதழுக்கு ஏ, பி என்று இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் தனித்தனித் தொகுதி எண். எந்தப் பிரிவு என்று போடாவிட்டால், தேடுகிறவர் பிரிவு பியின் 7ஆம் தொகுதியை எடுத்து, 216ஆம் பக்கத்தில் ஏதோ தாவரவியல் கட்டுரை இருப்பதைப் பார்த்து, "விவரம் பொருந்தவில்லை" என்று திருப்பிவிடுவார். ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால் ஒரு வாரம் போயிற்று.

இன்னொரு வகைத் தப்பு: ஒருவர் மேற்கோள் காட்டியதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அதைப் பார்த்து நீங்கள் எழுதுவது. நடுவில் ஆண்டு மாறியிருக்கும், தொகுதி மாறியிருக்கும். டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இருந்தால் அதை முதலில் கொடுங்கள், மற்றத் தப்புகளை அது சரிசெய்துவிடும். பழைய கட்டுரைக்கு டிஓஐ இல்லையென்றால் ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), ஆண்டு, தொடக்கப் பக்கம், ஆசிரியரின் கடைசிப் பெயர். புதிய மின்னிதழ்களில் பக்க எண்ணே இருக்காது, கட்டுரை எண்தான் இருக்கும். அதைப் பக்கம் என்று எழுதிவிடாதீர்கள். இந்த மேற்கோளை எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால், அந்தப் பக்கம் இருக்கும் நூலகர் உங்களுக்காகக் கூடுதலாகத் தேடிப் பார்ப்பார்.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியாவில் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் நகல் எடுத்துக்கொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. ஒரு கட்டுரையை ஓர் ஆய்வாளருக்கு வாங்கித் தருவதில் பயம் வேண்டாம். வந்த பிடிஎஃப்பை டிப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, நூலக சர்வரில் சேர்த்துவைத்து அடுத்தவருக்கும் கொடுப்பது வேறு விஷயம். பெரும்பாலான சேவைகளின் நிபந்தனையே அதைத் தடுக்கிறது. அதே 52ஆவது பிரிவு, இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை ஒரு பொது நூலகம் தன் பயனுக்காக மூன்று பிரதி வரை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. இது பல நூலகர்களுக்கே தெரியாது.

சைஹப் இருக்கும்போது இவ்வளவு சுற்று எதற்கு?

எல்லா ஸ்காலரும் மனதுக்குள் கேட்கிற கேள்வி, வெளிப்படையாகவே பேசலாம். பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் தளம் சைஹப். அதன் மீது எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய மூன்று பதிப்பாளர்களும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. நூலகர் அதைக் கைகாட்ட முடியாது. அது ஏன் அவ்வளவு பிரபலம் ஆயிற்று என்று யோசித்தால், குற்றத்தில் பாதி நம் மெத்தனத்துக்கும் சேரும். சட்டப்படியான வழியில் கேட்ட மாணவருக்கு மூன்று வாரம் பதிலே வராவிட்டால் அவர் வேறு எங்கே போவார்?

பழைய தமிழ் இதழ்கள், நூல்கள் வேண்டும். மேலே சொன்னதில் எது உதவும்?

ஏறக்குறைய எதுவும் உதவாது. ராபிட்டோ சுபிட்டோவோ 1930களின் தமிழ்ப் பத்திரிகையைத் தேடித் தராது. அதற்கு வேறு வாசல்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பை அடித்தளமாக வைத்து, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் அமைந்தது. பட்டியலில் தேடிவிட்டு, நகல் விதிமுறைகளை எழுதிக் கேளுங்கள். கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்துசேர வேண்டிய நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று. அங்கே நேரில் போவதே மேல். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம் இலவசம். ஈழத்து நூல்கள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள் என்றால் 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற இணையதளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆய்வேடுகள்?

இந்தியப் பல்கலைக்கழகத்தது என்றால் இன்ஃபிளிப்நெட்டின் ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்கா. இல்லையென்றால் அந்தப் பல்கலைக்கழக நூலகருக்கு மடல். பிரிட்டன் ஆய்வேடுகளுக்கு பிரிட்டிஷ் லைப்ரரி நடத்திவந்த ஈதோஸ் 2023 தாக்குதலில் முடங்கியது. பல்கலைக்கழகங்களின் சொந்தக் களஞ்சியங்களில் நேரடியாகத் தேடுங்கள்.

நாளை மறுநாள் சினாப்சிஸ். ஒரு கட்டுரை மட்டும் அவசரமாக வேண்டும்.

நூலகருக்கு இப்போதே சொல்லிவிட்டு, கட்டுரையாசிரியருக்கும் நேராக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கடிதத் தொடர்புக்கான ஆசிரியர் யார் என்று முதல் பக்கத்துச் சுருக்கத்திலேயே இருக்கும். பொருள் வரியில் கட்டுரைத் தலைப்பு, உள்ளே மூன்று வரி: நான் யார், எதற்காக வேண்டும், நன்றி. கைடு பெயரையும் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தால் மதிப்புக் கூடும். முகவரி பழையதாகி மடல் திரும்பினால் இணையாசிரியர்களில் இளையவருக்கு அனுப்புங்கள். பேராசிரியரைவிட அவர்தான் இன்பாக்ஸைச் சீக்கிரம் பார்க்கிறார்.